வாரண்டி போகாமல்

அப்பாவும் மகளும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போன் செய்து, நலம் விசாரித்து, அங்கே மழை உண்டா என்று கேட்டு, கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏண்டி, இன்ஜினுக்கு மூச்சு போற டப்பா இருக்குல்ல? அதை மாத்துனா வாரண்டி போயிடுமா?"

மகள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, "என்ன டப்பா?" என்றாள்.

"அதான்டி, காத்தை வடிகட்டி உள்ள அனுப்புமே. கடையில வேற மாதிரி ஒண்ணு விக்குதாம். அதைப் போட்டா இன்னும் நல்லா மூச்சு வாங்குமாம்."

"ஏர் ஃபில்டரா?"

"ம், அதுதான்."

"இதை யாரு கேக்குறா?"

"யாரு கேப்பா? நான்தான் கேக்குறேன்."

அம்மாவுக்குக் காரில் ஹார்ன் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தும் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்காதவள். மகள் காதைத் தீட்டிக்கொண்டாள். அம்மாவின் குரலுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, யாரோ தொண்டையைச் செருமினார்கள். கூட்டத்தில் நூறு பேர் செருமினாலும் அதை அவள் தனியாக எடுத்துவிடுவாள். கற்றுக்கொள்ள வந்தவர் கிளட்சை மிதிக்காமல் கியர் போட்டால், திட்டுக்கு முன்னால் அந்தச் செருமல்தான் வரும்.

அவள் அப்பாவை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள். வாழ்நாளெல்லாம் இரண்டாவது கியரைத் தாண்டாத வண்டிகளில், நடுங்குகிற கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே காலம் கழித்தவர். மூட்டுவலி வந்து ஸ்கூலை மூடினார். மூடிய கையோடு போய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். தரையோடு தரையாக, தவளை மாதிரி உட்கார்ந்திருந்த, இரண்டே சீட் உள்ள புதுக் கார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். "இந்த வயசுல கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இறங்கணும், ஏத்திவிட ரெண்டு ஆள் வேணும்" என்று அம்மா புலம்பினாள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அந்தக் காரைச் செய்கிற கம்பெனியில்தான் மகள் வேலை பார்க்கிறாள். சந்தையில் வேறு கம்பெனியும் ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறது. இவர் ஏன் இதை வாங்கினார் என்று அவள் அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்டு, "ஷோரூம் பக்கத்துல இருந்துச்சு" என்று பதில் வந்துவிடுமோ என்று பயம்.

அவளுடைய வேலை வாரண்டிப் பிரிவில். வாரண்டிக் காலத்துக்குள் கெட்டுப்போகிற இன்ஜின்கள் அவர்கள் பட்டறைக்கு வரும். பிரித்துப் பார்த்து, கோளாறு இன்ஜினைச் செய்த விதத்திலா, ஓட்டிய விதத்திலா என்று சொல்ல வேண்டும். முந்தைய வருஷம் அவளை அந்தப் பிரிவுக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். இதுவும் அம்மா மூலமாக அப்பாவுக்குப் போயிருக்கும். போய் என்ன ஆயிற்று என்பதுதான் திரும்பி வரவில்லை.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது; அம்மா துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதனால் சாயங்காலம் முழுக்கப் பயிற்சி வண்டியின் பின்சீட்டில்தான். முன்னால் யாரோ வியர்த்து வழிய ஓட்டுவார்கள். அப்பா திரும்பாமலே, "பாப்பா, இன்ஜின் என்ன கேக்குது?" என்பார். அவள் பின்னாலிருந்து, "அடுத்த கியர் கேக்குது" என்பாள். இன்ஜினை அவள் படிப்பாகப் படித்தது அப்புறம். அதோடு பேசப் பழகியது அந்தப் பின்சீட்டில்.

பேச்சு நின்றது அவள் கல்யாணத்தால். பல் செட் செய்து கொடுக்கிற ஒருவனை அவள் விரும்பினாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வார இறுதியில் ஊருக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். போனில் சொல்கிற விஷயமா அது? ஆனால் அந்த அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா மாஸ்டரிடம் ஓட்டக் கற்றவர். அன்று மத்தியானமே கூப்பிட்டு, "மாஸ்டர், வாழ்த்துக்கள்! மக கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"யாரை வேணும்னாலும் கட்டிக்கட்டும். எவனோ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?" மாஸ்டர் அதை அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். மகளிடம் அதுகூடச் சொல்லவில்லை. அவள் போன் செய்தால் ரிசீவரை அம்மா கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நேரில் போனாள். அவர் பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று பயிற்சிக்கு யாரும் வருவதாக இல்லை. அவள் கிளம்பின பிறகுதான் திரும்பி வந்தாராம்.

ஆகவே மொட்டை மாடியில் ஈரத் துணியோடு நின்றவளுக்கு ஏர் ஃபில்டர் வெறும் ஏர் ஃபில்டராகத் தெரியவில்லை.

"அதை மாத்தலாம்னு சொல்லும்மா. வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எந்த மாதிரி ஃபில்டர்ங்கறதைப் பொறுத்து இருக்கு."

"எந்த மாதிரி?"

"அதை அடுத்த வாரம் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு அம்மா கேட்டாள். மகள் ஃபில்டரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "எண்ணெய் தடவுற ஃபில்டரா இருந்தா ஒரு விஷயம் கவனிக்கணும்" என்று நிறுத்திக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் அந்த விஷயம். பிறகு சைலன்சர் வந்தது. "பின்னாடி குழாயை மட்டும் மாத்துனா சத்தம் நல்லா வருமாம். நடுவுல இருக்குற அதுல கை வைக்கக் கூடாதாமே, உண்மையா?" பிறகு இன்ஜினுக்குள் போகிற காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர். அம்மா அதை "இன்னொரு கூலர்" என்றாள். "ஒரு கூலர் ஏற்கனவே இருக்காம். இன்னொரு கூலர் எதுக்குன்னு எனக்கும் புரியல." பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல், "இன்டர், இன்டர்" என்றது. "அங்க யாரும்மா?" என்றாள் மகள். "டிவி" என்றாள் அம்மா.

ஒரு வாரம் அம்மா திணறிப் போனாள். "கம்ப்யூட்டருக்கு ஏதோ மாப்பு போடணுமாம்டி. காருக்குள்ள எதுக்குத் தரை துடைக்கிறாங்க?"

"ரீமேப். இன்ஜினுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும்மா. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காத்துன்னு அதுதான் கணக்குப் போடும். அந்தக் கணக்கை மாத்தி எழுதறது."

"எழுதலாமா?"

"வெளியாளு எழுதுனா இன்ஜின் வாரண்டி போயிடும்."

"அப்ப உள்ளாளு?"

அதற்குப் பதில் மகளிடம் இருந்தது. கம்பெனியே ஒரு கிட் செய்திருந்தது. பெரிய இன்டர்கூலர், வேறு சைலன்சர், கம்ப்யூட்டருக்குக் கம்பெனி எழுதிய புதுக் கணக்கு. கம்பெனிப் பட்டறையில் மாட்டிக்கொண்டால் வாரண்டி அப்படியே இருக்கும். மாஸ்டர் இத்தனை வாரமாகச் சுற்றிச் சுற்றித் தேடியது அதைத்தான். அது அவருக்குத் தெரியவில்லை. ஷோரூமில் இருந்தவர்களுக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. அந்த ஒரு பதிலை மட்டும் அம்மா வாயால் போகவிடக் கூடாது என்று அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் போனை வாங்கட்டும். "என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அன்றைக்குச் சொல்ல வேண்டியது அது.

"உங்கப்பா கேள்வி கேக்குறார், நீ தவணை முறையில பதில் சொல்ற" என்றான் கணவன். மேஜை விளக்கடியில் ஒரு பல் வரிசையைத் தேய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். "முழுசா சொல்லிட்டா என்ன?"

"முழுசா சொல்லிட்டா அடுத்த வாரம் என்ன கேப்பார்?"

அவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு அடுத்த பல்லுக்குப் போனான்.

சனி ராத்திரியே அவளுக்கு ஞாயிறு நினைப்பு வந்துவிடும். காலையில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவாள். அம்மாவிடம் பேசும்போது அம்மா பேச்சில் பாதி காதில் விழாது. பின்னால் நாற்காலி நகர்கிறதா, பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை அவர் தும்மினார். அன்று முழுக்க அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம்தான் பெட்டி வந்தது.

"ஒரு சின்னப் பெட்டியாம். இன்ஜின்ல ஒரு ஒயரைக் கழட்டி நடுவுல சொருகுனா போதுமாம். கார் பறக்குமாம். சர்வீசுக்கு விடும்போது கழட்டி வச்சிட்டா ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு கடைக்காரன் சொல்றானாம். போடலாமா?"

அந்தப் பெட்டிகள் என்ன செய்யும் என்று மகளைவிட யாருக்குத் தெரியும்? டர்போ உள்ளே தள்ளுகிற காற்றின் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் அவை பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் தள்ளச் சொல்லும். கொஞ்ச நாள் பறக்கும். பிறகு ஒரு நாள் பிஸ்டன் தாங்காது. அவள் பட்டறை அலமாரியில் அப்படி உடைந்த பிஸ்டன்கள் வரிசையாக இருந்தன.

"வேண்டாம்னு சொல்லு."

"ஏன்?"

இங்கேதான் அவள் அதைச் செய்தாள். "ஏன்னு தெரியணும்னா அவரையே கேக்கச் சொல்லும்மா. போனை அவர்கிட்ட குடு."

அம்மா போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். மகள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம்.

"அவர் வெளிய போயிட்டாருடி" என்றாள் அம்மா.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மழையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் மட்டும் பேசினாள். கேள்வி எதுவும் வரவில்லை. "கார் எப்படி இருக்கு?" என்று மகளே கேட்டுப் பார்த்தாள். "நல்லா ஓடுது, நல்லா ஓடுது" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். பின்னால் நாற்காலிச் சத்தமும் இல்லை, பேப்பர் சத்தமும் இல்லை.

வெயில் காலம் தொடங்கிய சமயம், பட்டறையில் ஒரு காலை நேரத்தில், அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டார். அவருக்குப் பட்டறையில் கத்தரி என்று பெயர். வருகிற கோரிக்கை எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார் என்பதால் வந்த பெயர்.

"மேடம், அதிசயம் ஒண்ணு வந்திருக்கு பாருங்க. பெட்டி போட்டு இன்ஜினைக் கெடுத்திருக்காங்க. வழக்கமா பெட்டியைக் கழட்டிட்டு, அப்பாவி மாதிரி மூஞ்சியை வச்சுட்டு வருவாங்க. இவரு பெட்டியோடவே அனுப்பியிருக்காரு. ஷோரூம்ல கேட்டதுக்கு, 'நான்தான் மாட்டினேன், எது எப்படி உடைஞ்சதுன்னு கம்பெனி சொல்லணும்'னு சொன்னாராம். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல."

மேஜைமேல் பிஸ்டன் கிடந்தது. வளையம் உட்காருகிற விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. பக்கத்தில் கறுப்பாக அந்தச் சின்னப் பெட்டி. வண்டி எண்ணைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அந்த உடைந்த விளிம்பைத் தடவினாள்.

"பார்த்து மேடம், கூர்மையா இருக்கும்" என்றார் கத்தரி.

அவள் நேராக மேலாளர் அறைக்குப் போய், "இது எங்க அப்பா கார். இதுல நான் தலையிடக் கூடாது" என்றாள். மேலாளர் கத்தரியிடமே முடிவை விட்டார். கத்தரி, யாருடைய கார் என்று தெரிந்ததும் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார், ஆனாலும் வெட்டினார். வெட்டாமல் வேறு வழியில்லை என்று அவளுக்கும் தெரியும். பிரிவிலிருந்து போகிற கடிதங்களில் அடியில் தலைவி என்று அவள் பெயர்தான் இருக்கும்.

"இதுக்கு மட்டும் என் பேரைப் போட்டுடலாமா? உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார் மேலாளர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல சார். என் பேரே இருக்கட்டும்."

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள், வேலை நேரத்தில், அவள் போனில் வீட்டு எண் வந்தது. அம்மா இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். பட்டறையில் யாரோ இன்ஜினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உதிரி பாகங்கள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இது ஒரு பதிலா?" என்றது போன்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"'அங்கீகரிக்கப்படாத மாற்றம் காரணமாக.' இவ்வளவுதானா? ஒரு மனுஷன் இன்ஜினைப் பெட்டியோட அனுப்பி எப்படி உடைஞ்சதுன்னு கேக்குறான். ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க. கீழ உன் பேரு வேற. நீ பாத்தியா இல்லையா அந்த பிஸ்டனை?"

"பார்த்தேம்ப்பா."

அப்பா என்ற சொல் அவள் வாயில் துருப்பிடித்த போல்ட் மாதிரி சிக்கிக்கொண்டு, பிறகு ஒரு திருகலில் வெளியே வந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார், குரலைத் தணித்து.

"மேல் வளையம் உட்கார்ற விளிம்பு பேந்து போயிருக்கு. மூணாவது சிலிண்டர். பெட்டி கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிட்டே இருந்திருக்கு. அழுத்தம் கூடக் கூட, நேரத்துக்கு முன்னாடியே உள்ள வெடிச்சிருக்கு. உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. மேடு ஏறும்போது, சரளைக்கல்லைத் தகரத்துல போட்டு உலுக்கின மாதிரி." அவர் மூச்சு வாங்கினார். "கேட்டுச்சு. கேட்டுட்டேதான் ஓட்டினேன்."

அவளைச் சுற்றி அலமாரிகளில் கேஸ்கெட்டுகளும் பெல்ட்டுகளும் பொட்டலம் பொட்டலமாக இருந்தன.

"வேண்டாம்னு சொன்னே. ஏன்னு சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"ஏன்னு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அது வெளியே வந்த பிறகுதான் எவ்வளவு கூர்மையாக வந்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். கதவு சாத்துகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"முழு வாரண்டியும் போச்சா?"

"இல்லப்பா, இன்ஜினுக்கு மட்டும்தான். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் இருக்கு. இன்ஜினையும் நம்ம பட்டறையிலேயே சரி பண்ணிக்கிட்டா, திரும்பப் பரிசோதனை பண்ணி வாரண்டியை மறுபடி எழுதுவாங்க. அப்பா... ஒரு கிட் இருக்கு."

"என்ன கிட்?"

அவள் சொன்னாள். எடுத்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி கொடுத்ததில் முக்கால்வாசி வேகம் வரும், கம்பெனியே பொறுப்பு, மேட்டில் இன்ஜின் முனகாது. அவர் நடுநடுவே "ம்" என்றார். ஓரிடத்தில், "இது முன்னாடியே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

நீளமான ஒரு "ம்."

"அம்மாகிட்ட தர்றேன்" என்று போனைக் கொடுத்துவிட்டார். அம்மா போனை வாங்கி அழுதாள்.

பட்டறையில் சரி செய்த இன்ஜினை ஷோரூமிலேயே காரில் ஏற்றிக் கொடுத்தார்கள்; ஆனால் கிட்டை மாட்டுவதற்குக் காரை அவள் ஊருக்குத்தான் கொண்டு வர வேண்டியிருந்தது. வியாழக்கிழமை வருவார் என்று அம்மா சொன்னாள். "நானும் பட்டறைக்கு வரட்டுமா?" என்று கணவன் கேட்டான். அவள் யோசிப்பதைப் பார்த்து அவனே, "சரி வேணாம், ஒரே நாள்ல ரெண்டு பேரை மாட்ட முடியாது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவ்வளவு லேசானதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

காரிலிருந்து இறங்கியவரை அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. முடி முழுக்க வெளுத்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் ஒரு கால், பிறகு இடுப்பு, பிறகு இன்னொரு கால் என்று தவணையாக எழுந்தார். அவள் கை கொடுக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "வாங்கப்பா" என்றாள். "ம், எங்க நிறுத்தணும்?" என்றார்.

நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மெக்கானிக்குகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் அறையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்தார். "இவங்கள்லாம் உனக்குக் கீழயா?" என்று கேட்டார். "ஆமாப்பா." தலையாட்டிவிட்டு மறுபடி காரைப் பார்த்தார்.

வேலை முடிந்ததும் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கத்தரி சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை அவளிடமே நீட்டினார்.

அப்பா பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் அங்கே உட்கார்வது அதுதான் முதல் தடவை. ஆனால் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்த இடம் அது. கிடங்குகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, நகரத்துக்கு வெளியே போகிற சாலைக்கு வந்தார்கள். முதல் திருப்பத்தில் அவருடைய கால் தரையை ஓங்கி மிதித்தது. பயிற்சி வண்டியில் இருப்பது போல அங்கே பிரேக் இல்லை. அவரே அதைப் பார்த்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் மறுபடி மிதித்தார்.

"மெதுவா வேணுமாப்பா?"

"நான் சொன்னேனா?"

மேடு வந்தது. அவள் அழுத்தினாள். கார் ஒரு முனகலும் இல்லாமல், முதுகில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி அவர்களை மேலே தள்ளியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சரளைச் சத்தம் இல்லை. உச்சிக்கு வந்ததும் கண்ணைத் திறக்காமலே, "என்ன கேக்குது?" என்றார்.

அவளுக்குப் பதில் தெரியும். கியரை மாற்றினாள். அவர் தலையை ஆட்டினார்.

பட்டறை வாசலில் இறங்கி, "வீடு இங்கிருந்து பக்கம்தான்ப்பா. வந்துட்டு ஒரு வாய் காபி..." என்று ஆரம்பித்தாள்.

"இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார். "இன்னொரு நாள்."

அவர் போன பிறகும் அவள் கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டில் அன்று கணவன் மேஜையைத் துடைத்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தான். அவளைத் தனியாகப் பார்த்ததும் அவற்றைச் சத்தம் வராமல் திரும்ப அடுக்கினான்.

அதன் பிறகு சில ஞாயிறுகளில் அப்பாவே பேசினார். காரைப் பற்றி மட்டும். ஆனால் கிட் மாட்டிய கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. "நல்லா இருக்கு." "மைலேஜ்?" "நல்லா இருக்கு." "சத்தம்?" "ஒண்ணும் இல்ல." பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். ஒரு சின்னக் கோளாறாவது வரக் கூடாதா என்று அவள் நினைத்தாள். வாரண்டிப் பிரிவின் தலைவி அப்படி நினைக்கலாமா என்று சிரிப்பும் வந்தது.

குளிர் தொடங்கின பிறகு ஒரு ஞாயிறு, "நல்லா இருக்கு" எல்லாம் முடிந்தும் அவர் போனைக் கொடுக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னப்பா?"

"நீங்க இங்க வர்றதா இருந்தா, ரயில்லதான வருவீங்க?"

நீங்க. அவர் அவளை அப்படி அழைத்ததில்லை. அது இரண்டு பேருக்கான நீங்க என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஆமாப்பா, ரயில்லதான்."

"ஸ்டேஷன்ல இருந்து ஒரு தடவைக்கு ஒருத்தரைத்தான் ஏத்த முடியும். முதல்ல அவரைக் கொண்டு வந்து விட்டுடறேன். நீ பெட்டியோட அங்கேயே இரு. ரெண்டாவது நடை உனக்கு."

"சரிப்பா."

"குளிருக்கு ஏதாவது போட்டுக்கோ. கொஞ்சம் நேரம் ஆகும்."

நேரம் ஆகத்தான் செய்தது. ஸ்டேஷன் வாசலில் அந்தத் தவளைக் கார் அவள் கணவனை மடக்கி உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பியது. அவன் முழங்கால் அவன் மோவாயில் இடித்தது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று வெளுத்தது, ஒன்று கறுத்தது. இரண்டும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பெட்டிமேல் உட்கார்ந்து, அவர்கள் இந்நேரம் எந்தத் தெருவில் இருப்பார்கள், என்ன பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வீடு அவ்வளவு தூரமில்லை. போய்த் திரும்ப இத்தனை நேரம் ஆகாது. ஒருவேளை ஏதாவது வாக்குவாதமோ? எழுந்து போய்ச் சாலையை எட்டிப் பார்த்தாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

ஒருவழியாக வந்தார். பெட்டியை எப்படியோ திணித்தார்கள்.

"ஏம்ப்பா இவ்வளவு நேரம்? என்ன பேசினீங்க?"

"என்ன பேசறது? காரைப் பத்திதான்" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

வீட்டுக்குப் போனதும், அம்மா சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அவள் கணவனை ஓரமாக இழுத்தாள். அவன் தலைமுடி எல்லாப் பக்கமும் கலைந்திருந்தது. முகம் வெளிறிப்போய், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பேசினார்?"

"ஒண்ணுமே பேசல. வீட்டைத் தாண்டிப் போயிட்டார். தப்பா போறாரோன்னு நினைச்சேன். ஊருக்கு வெளிய ஒரு நேர் சாலை இருக்கே, காலியா? அங்க கொண்டுபோய் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். 'பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை'ன்னார்."